ஒளுவின் ளகரம்

தொழுகைக்கு முன் முகமும் கையும் கழுவி, தலையை ஈரக்கையால் தடவி, காலைக் கழுவி முடிக்கும் செயலுக்குத் தமிழ் முஸ்லிம்கள் வழங்கும் பெயர் ஒளு. இரண்டே எழுத்து. எழுதுபவர் விருப்பப்படி உளு, உளூ, வுளூ என்றும், இலங்கைத் தமிழில் வுழூ என்றும், விரைந்த பேச்சில் ஒலு என்றும் அது உருமாறும். அகரமுதலியில் ‘அரபு’ என்ற ஒரே குறிப்போடு கடந்துபோகத் தக்க சொல்தான். ஆனால் சொல்லை விரும்புகிறவர்கள் இதைச் சற்று நிறுத்தி, நாவில் உருட்டிப் பார்க்க வேண்டும். இதன் நடுவில் நிற்கும் ளகரம் லேசுப்பட்டதன்று.

முதலில் ஓர் ஆசையை ஒதுக்கிவிடுவோம். சிலர் இதை ‘ஒழு’ என எழுதுவதைக் கண்டதும், தமிழ்ப் பற்று மிக்க மனம் உடனே ஒழுகு, ஒழுக்கு, ஒழுக்கம், ஒழுங்கு என்று வேர்களைத் தேடி ஓடும். முழங்கையிலிருந்து நீர் ஒழுகுவதும், செயல்கள் ஓர் ஒழுங்கில் வருவதும், பக்கத்திலேயே ‘தொழு’ என்னும் தூய தமிழ் வினை எதுகை போல நிற்பதும் அந்த ஓட்டத்துக்கு இன்னும் வேகம் கொடுக்கும். அழகான பொருத்தம், வேர் மட்டும் அதுவன்று. நோன்பு, தொழுகை, பள்ளிவாசல் ஆகியவற்றுக்குத் தமிழையே எடுத்துக்கொண்ட சமூகம், இந்தத் தூய்மைக்கு அரபுச் சொல்லையே வைத்துக்கொண்டது. ‘வுளூ’ என்பதே மூலம். வகரம், ளாத், ஹம்ஸா என்னும் மூன்று மெய்கள் அதன் வேர்.

வகரம் எங்கே போயிற்று என்று தொல்காப்பியம் அறிந்தவர் கேட்கமாட்டார். உ, ஊ, ஒ, ஓ என்னும் நான்கு உயிரோடும் கூடி வகரம் தமிழில் மொழிமுதலாக வருவதில்லை. இதழ் குவித்துச் சொல்லும் உயிருக்கு முன் இதழாலேயே பிறக்கும் மெய்யைத் தனியே நிறுத்தத் தமிழ்ச் செவி இடம் கொடுப்பதில்லை; இரண்டும் ஒன்றில் கரைந்துவிடும். எனவே வுளூ என்பது உளூ ஆனது இலக்கணப்படி நேர்ந்தது. கடைசியில் தொண்டையடைப்பாக நின்ற ஹம்ஸாவும் தடமின்றி மறைந்தது. உகரம் ஒகரமானது ஏன்? உலகம் ஒலகமாவதும் உடம்பு ஒடம்பாவதும் அடுத்து அகரம் வருவதால்; இங்கே அடுத்து வருவது உகரமே, ஆகவே அந்த விதி உதவாது. நடுவில் நின்ற அரபு மெய் தடித்த மெய். அது தன் அருகில் உள்ள உயிரைக் கீழிறக்கி, உகரத்தை ஒகரத்தின் பக்கம் சாய்க்கும். அந்தச் சாய்வைக் கேட்ட காது ‘ஒ’ என்றே எழுதிக்கொண்டது என்று கொள்வது பொருந்தும்.

இனி அந்த நடு மெய். அரபு நெடுங்கணக்கில் பதினைந்தாவது எழுத்து அது. அரபியர் தம் மொழியையே அந்த எழுத்தின் பெயரால் அழைத்துப் பெருமை கொள்வார்கள். நாம் ழகரத்துக்காகக் கொள்ளும் பெருமையை நினைத்துக்கொண்டால் அது எளிதில் விளங்கும். இன்றைய அரபு நாடுகளில் பலரும் அதைத் தடித்த டகரம் போல ஒலிக்கிறார்கள். எட்டாம் நூற்றாண்டில் பசுரா நகரில் அரபுக்கு இலக்கணம் வகுத்த சீபவைஹி சொல்வதோ வேறு: நாவின் விளிம்பும் அதை ஒட்டிய கடைவாய்ப் பற்களும் சேருமிடத்தில் அது பிறக்கிறது. அதாவது காற்று நாவின் பக்கமாக வெளியேறும் ஒலி. நம் தொல்காப்பியர் லகர ளகரங்களின் பிறப்பைச் சொல்லும்போது எடுத்துக்கொள்வதும் நாவிளிம்பையே. அது வீங்கிப் பல்லின் அடியைச் சேர, அண்ணத்தை ஒற்றினால் லகரம், வருடினால் ளகரம். ஒருவரை ஒருவர் அறிந்திராத இரண்டு இலக்கணிகள், வெவ்வேறு கடற்கரைகளில், ஒரே உறுப்பின் ஒரே ஓரத்தைச் சுட்டியிருக்கிறார்கள். வருடும் அந்த ஒலிக்கு மிக அண்மையில் தமிழில் இருந்தது ளகரம். வந்த ஒலி அதில் அமர்ந்தது.

இது ஒளுவோடு நின்றுவிட்ட தனி நிகழ்ச்சியன்று. நபித்தோழர் பெயரை அடுத்து நம் நூல்களில் வரும் ‘ரலி’ என்னும் சுருக்கத்தில் அதே எழுத்துத்தான் இருக்கிறது. இலங்கையில் அதை ‘ரழி’ என அச்சிடுகிறார்கள். நோன்பு மாதம் ரமளான், ரமலான், ரமழான். கடமை ஃபர்ளு. தவறியதைப் பின்னர் நிறைவேற்றுவது களா. மாதவிலக்கு ஹைளு. ஒளு செய்யும் தொட்டி ஹவுள். நடுப்பகல் தொழுகையின் பெயரிலிருப்பது வேறோர் எழுத்து. அரபுப் பேச்சிலேயே இரண்டும் கலந்துவிட்டபடியால், அதுவும் லுஹர் என்று லகரம் பெற்றது. அரபு எழுத்தில் தமிழை எழுதிய அரபுத்தமிழ் ஆசிரியர்களோ இதைத் திருப்பிப் போட்டார்கள்: ழகர ளகர இனத்துத் தமிழ் ஒலியை எழுத, ளாத் எழுத்தையே எடுத்து அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தார்கள். இரு ஒலிகளும் உறவென்று அவர்கள் செவி சொல்லியிருக்கிறது.

கடல் வழியாக வந்த இந்த ஒலிக்குத் தரை வழியாக வந்த ஒரு பங்காளி உண்டு. பாரசீகத்துக்குள் புகுந்த அரபுச் சொற்களில் இதே எழுத்து இஸட் ஒலியாக மாறி, உருதுவில் தங்கி, தெற்கே இறங்கியது. அந்த வழியில் ஒளு வுஜு ஆகும், ரமளான் ரம்ஜான் ஆகும், ஹவுள் ஹவுஸ் ஆகும். இலங்கையில் ரிழ்வான் என எழுதப்படுபவர் சென்னையில் ரிஸ்வான். தீர்ப்புச் சொல்பவர் காழியாகக் கடலோரம் இறங்கினார். அவரே காஜியாகவும் வந்து சேர்ந்தார், மதுரையின் காஜிமார் தெருவே சான்று. பழைய தில்லியில் ஹவுஸ் காஜி என்றொரு பகுதி இருக்கிறது. அந்த ஊர்ப்பெயர் மட்டும் கடல் வழியே வந்திருந்தால் நாம் அதை ‘ஹவுள் காழி’ என்று சொல்லிக்கொண்டிருப்போம்! ஒரே வீட்டில் பாட்டி ஒளு என்றும் பேரன் வுஜு என்றும் சொன்னால், இரு வரலாறுகள் ஒரு குழாயடியில் சந்திக்கின்றன என்று பொருள். பேரனைத் திருத்த வேண்டியதில்லை. பாட்டியைத் திருத்த முயல்வதுதான் பொறுக்க முடியாதது. அரபு நாட்டு வேலையிலிருந்து திரும்பியோர் சிலர் ‘வுது’ என்பதே சரி என்கிறார்கள். அவர்கள் கேட்டு வந்தது இன்றைய ஒலி. பாட்டி வைத்திருப்பது அதனினும் பழைய ஒலியின் சாயல்.

சாயல் என்று அளந்துதான் சொல்கிறேன். ஆனால் வேறு கரைகளிலும் அந்தச் சாயல் கிடைக்கிறது. மலையாளத்திலும் அது ளகரமே. மலாயில் ஃபர்ளு ‘பெர்லு’ ஆகி, ‘தேவை’ என்னும் அன்றாடச் சொல்லாகவே மாறிவிட்டது. இசைவைக் குறிக்கும் ரிளா ‘ரெலா’ ஆயிற்று. மேற்கே எசுப்பானிய மொழியில் நகரத் தலைவரைக் குறிக்கும் ‘அல்கால்தே’, அல்காளீ என்னும் அதே காழிதான். அந்த எழுத்தின் பக்க ஒலியைப் பிடிக்க முயன்ற எசுப்பானிய நா, லகரமும் தகரமுமாக இரண்டை வைத்துச் சரிக்கட்டியது. தென் அரேபியாவின் மெஹ்ரி மொழியில் நாவின் பக்கத்தில் உரசிப் பிறக்கும் ஒலிகள் இன்றும் உயிரோடு இருக்கின்றன.

ஒலியை விட்டுப் பொருளுக்கு வருவோம். வுளூ என்பதன் வேர் கழுவுதலைக் குறிப்பதன்று. ஒளிர்தலையும் அழகையும் குறிப்பது. முகப்பொலிவு உள்ளவரை வளீ என்பார்கள். கழுவுதல் வழி, பொலிவு விளைவு. பெயர் விளைவிலிருந்து பிறந்தது. மறுமை நாளில் இந்தச் சமூகத்தாரின் முகமும் கைகால்களும் ஒளுவின் தடத்தால் ஒளிரும் என்று, நெற்றியிலும் கால்களிலும் வெள்ளை விழுந்த குதிரையை உவமை காட்டிச் சொல்லும் நபிமொழி, வேர்ச்சொல்லின் உட்பொருளை அப்படியே வெளியே கொண்டுவந்து வைக்கிறது. ‘ஒளுவில் ஒளி இருக்கிறது’ என்று தமிழில் சிலேடை சொல்ல நா துடிக்கும். சொல்லி மகிழலாம், வேராக்கிவிடக் கூடாது. இன்னொரு வியப்பு: இந்தக் கடமையை விதிக்கும் குர்ஆன் வசனத்தில், ஐந்தாம் அத்தியாயத்தின் ஆறாம் வசனத்தில், இந்தப் பெயரே இல்லை. முகம், முழங்கை வரை கை, தலை, கணுக்கால் வரை கால் என்று உறுப்புகளும், கழுவு, தடவு என்னும் வினைகளும் மட்டுமே உள்ளன. பெயரைத் தந்து புழக்கத்தில் விட்டவை நபிமொழிகள். அந்த வினைகளை எண்ணிக் கட்டாயம் இத்தனை என்று வகுத்ததில் ஹனஃபி சட்டப்பிரிவினர் நான்கோடு நின்றார்கள். ஷாஃபிஈ பிரிவினர் மனத்தின் எண்ணத்தையும் வரிசை முறையையும் சேர்த்து ஆறாக்கினார்கள். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற நம் கடலோர ஊர்களிலும் இலங்கையிலும் கேரளத்திலும் மலாய் நாட்டிலும் பெருவழக்கு ஷாஃபிஈ. ளகரம் சென்ற கரைகளும் அவையே என்பதைக் கவனியுங்கள்.

இக்கால மொழிபெயர்ப்புகள் ஒளுவை ‘அங்கத் தூய்மை’ என்கின்றன. எனக்கு அதில் நிறைவில்லை. அங்கம் வடசொல் என்பது ஒருபுறம் இருக்கட்டும். உடம்பில் அழுக்கிருந்தது, அது போயிற்று என்று அது நினைக்க வைக்கிறது. நீக்க வேண்டிய அழுக்குக்கு நஜீஸ் என்று தனிப் பெயர் உண்டு. ஒளு நீக்குவது அதையன்று, ஒரு நிலையை. சற்று முன் குளித்து வெள்ளை உடுத்தியவரும் அயர்ந்து படுத்துத் தூங்கி எழுந்தால் ஒளு இல்லாதவரே. அந்த நிலைக்கு அரபில் ஹதஸ், ‘புதிதாய் நேர்ந்தது’. இங்கேதான் தமிழ் தன் கையைக் காட்டியது: அதைச் சிறுதொடக்கு, பெருந்தொடக்கு என்று பிரித்துப் பெயரிட்டது. ஒளுவால் நீங்குவது சிறியது, முழுக்குளிப்பால் நீங்குவது பெரியது. தொடு என்னும் அடியில் பிறந்த தொடக்கு, பிணிப்பையும் சிக்கலையும் குறித்துப் பின் தீட்டையும் குறித்த பழைய சொல். பிறப்பு, இறப்புத் தீட்டைத் துடக்கு என்று யாழ்ப்பாணத்தார் இன்றும் சொல்கிறார்கள். அழுக்கு என்னாமல் கட்டு என்று சொன்னதால், ‘இது கறையன்று, ஒரு தளை’ என்னும் சட்ட நுணுக்கம் பெயரிலேயே அடங்கிவிட்டது. எந்தப் புலவரோ ஆலிமோ முதலில் இதைத் தேர்ந்தாரோ, அவர் இரு மொழியிலும் கூர்மையானவர்.

வினைகளும் அப்படியே. ஒளுவைச் செய்யலாம், எடுக்கலாம். போனால் ‘போயிற்று’ என்பதைவிட ‘முறிந்தது’ என்பதே வழக்கு. அரபில் அதற்குரிய நக்ளு என்பது கட்டியதை இடிப்பதையும் முறுக்கிய கயிற்றைப் பிரிப்பதையும் சொல்லும்; அதற்குள்ளும் ஒரு ளாத் உட்கார்ந்திருக்கிறது.

கடைசி எழுத்தையும் தொட்டுவிடலாம். ஃபர்ளு, ஒளு இரண்டும் உகரத்தில் முடிகின்றன, உருபேற்கும்போது வேறுபடுகின்றன. ‘ஃபர்ளான தொழுகை’ என்கிறோம், உகரம் கழன்றுவிடுகிறது. ஒளுவோ ஒளுவை, ஒளுவுக்கு, ஒளுவோடு என்று வகர உடம்படுமெய் பெற்று உகரத்தை விடாமல் பிடித்துக்கொள்கிறது. காரணம், ஃபர்ள் என்று மெய்யில் முடிந்த சொல்லுக்கு ஒலிக்க எளிதாக நாம் சேர்த்த துணை உகரம் அது; ஒளுவின் உகரம் அரபு நெடில் ஊகாரம் குறுகி நின்றது, சொல்லுக்கே உரியது. மொழிமுதலில் விடைபெற்ற வகரம் இப்படி உடம்படுமெய்யாக, இம்முறை இலக்கணத்தின் முழு இசைவோடு, ஈற்றில் வந்து நிற்கிறது.