முத்துப் பார் ஆய்வேடுகள்: பொது வாசிப்புக்கு வந்த வரலாறு

மன்னார் வளைகுடாவின் முத்துச் சிப்பி, சங்கு, பவளத் திட்டு ஆகியவற்றைப் பற்றி 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து வெளிவந்த அறிக்கைகள், ஆய்விதழ்க் கட்டுரைகள், அரசு வெளியீடுகள் ஆகியவை இங்கே முத்துப் பார் ஆய்வேடுகள் எனப்படுகின்றன. தூத்துக்குடிக் கடலோரத்தையும் அதற்கு எதிரேயுள்ள இலங்கைக் கரையையும் மையமாகக் கொண்ட இவற்றில் பெரும்பகுதியை இன்று காசு கொடுக்காமலும் சட்டத்தை மீறாமலும் படிக்க முடிகிறது. தூத்துக்குடி–திருநெல்வேலிச் சாலையில் இருக்கும் புதுக்கோட்டையில் (மாவட்டத் தலைநகரான புதுக்கோட்டை வேறு) ஒரு கல்லூரி மாணவர் கைப்பேசியைத் திறந்தால், 1903இல் லண்டனில் அச்சான அறிக்கை அவருக்கு முழுமையாகக் கிடைக்கும். காலம் கடந்ததால் கிடைத்த சலுகை என்று இதை எண்ணுவது பாதிதான் சரி. நூறாண்டு கடந்தும் விலை கேட்கும் கட்டுரைகள் உண்டு. ஐம்பதாண்டுகூட ஆகாமல் இலவசமாகக் கிடைப்பவையும் உண்டு. யார் செலவில் ஆராய்ந்தார்கள், யார் அச்சிட்டார்கள், பிறகு யார் பொறுப்பேற்றுப் பாதுகாத்தார்கள் என்பதைப் பார்த்தால்தான் இந்த வேறுபாடு விளங்கும்.

ஆராய்ச்சிக்குச் செலவழித்தது பெரும்பாலும் அரசுக் கருவூலம். அதற்குக் காரணமும் கருவூலம்தான். முத்துக்குளிப்பு அரசின் வருமானம். சிப்பிகளோ சில ஆண்டுகள் பார்களில் (சிப்பி வாழும் கடலடித் திட்டுகளில்) மண்டிக்கிடந்து, பிறகு பல ஆண்டுகள் காணாமல் போகும். லெ பெக் 1797ஆம் ஆண்டுக் குளிப்பைப் பற்றி ‘ஏசியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் எழுதியது நேரில் கண்டவரின் வருணனை. அடுத்த நூற்றாண்டில் அதே பொருள் அரசு கேட்டு வாங்கும் அறிக்கையாயிற்று. இலங்கையில் கெலார்ட் 1850களில் சிப்பியின் இயல்பை ஆராய்ந்து அரசுக்கு எழுதினார். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளர் எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் முத்து, சங்குக் குளிப்பைப் பற்றி 1894இல் ஓர் ஏடு வெளியிட்டார். 1902இல் இலங்கைக்கு வந்த விலங்கியலாளர் ஹெர்ட்மேனும் அவருடைய உதவியாளர் ஜேம்ஸ் ஹார்னெலும் செய்த ஆய்வை, லண்டன் ராயல் சொசைட்டி 1903 முதல் 1906 வரை ஐந்து பாகங்களாக அச்சிட்டது. சிப்பிக்குள் நுழையும் நாடாப்புழுவின் இளநிலையே முத்துக்குக் கரு என்று அதில் சொல்லப்பட்டது. 1912இல் ஜேம்சன் அதை மறுத்தார். பின்னர் சென்னை மாகாண மீன்துறையை நடத்திய ஹார்னெல், சங்கைப் பற்றி 1914இலும் இந்தியப் பகுதி முத்துக்குளிப்பைப் பற்றி 1922இலும் துறை வெளியீடுகளாகவே எழுதினார். மூச்சடக்கிக் கீழே போய்ச் சிப்பி எடுத்தவர்களிடம் கேட்டுப் பெற்ற செய்திகள் இந்த ஏடுகளில் நிறைய. அவர்கள் கையில் ஒரு பக்கம்கூட வந்து சேர்ந்திருக்காது.

படிகள் குறைவு. கன்னிமாரா நூலகம், சென்னை அருங்காட்சியகம், கல்கத்தா ஏசியாட்டிக் சொசைட்டி போன்ற சில இடங்களுக்குப் போகக்கூடியவர்களே படித்தார்கள். விடுதலைக்குப் பின் எழுத்தின் மையம் இந்தக் கரைக்கே நகர்ந்தது. 1947இல் தொடங்கி மண்டபத்தில் நிலைகொண்ட மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் தூத்துக்குடியிலும் ஆய்வு மையம் நடத்தியது. 1928க்குப் பின் நின்றுபோயிருந்த குளிப்பு 1955இல் மீண்டு 1961 வரை நடந்தது. அதன் பிறகு இன்றுவரை பெரிய அளவில் இல்லை. 1973இல் அந்நிலையத்தின் அழகர்சாமியும் துணை நின்றவர்களும் வளர்ப்பு முத்தை உருவாக்கினார்கள். அதற்கடுத்த ஆண்டு அச்செய்தி ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்தது. பெங்களூரில் சி. வி. ராமனுக்கு முத்தின் ஒளியில் தனி ஈடுபாடு. 1935இல் வானவில் நிறம் காட்டும் சிப்பி ஓடுகளைப் பற்றியும், 1954இல் கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து முத்தின் அமைப்பைப் பற்றியும் தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதெமியின் ஏட்டில் எழுதினார்.

சட்டப்படி இந்த ஏடுகளுக்கு இரண்டு வழிகளில் கதவு திறக்கிறது. முதல் வழி, காலக்கெடு. 1957ஆம் ஆண்டின் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1992ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், ஆசிரியர் இறந்து 60 ஆண்டு வரை உரிமையைக் காக்கிறது. அரசு வெளியீட்டுக்கு, வெளிவந்ததிலிருந்து 60 ஆண்டு. ஆகவே மீன்துறையின் பழைய வெளியீடுகள் எப்போதோ பொதுச்சொத்து. 1949இல் இறந்த ஹார்னெல் தம் பெயரில் எழுதியவையும் 2010 முதல் அப்படியே. இரண்டாம் வழி, உரிமையாளரின் இசைவு. ராமன் 1970இல் மறைந்தார். அவர் எழுத்து பொதுச்சொத்தாக 2031 வர வேண்டும். ஆனாலும் அவருடைய முத்துக் கட்டுரைகளை இன்றே இறக்கிக்கொள்ளலாம், அகாதெமி தன் இதழ்களின் முதல் தொகுதியிலிருந்தே எல்லாவற்றையும் திறந்து வைத்திருப்பதால். இதற்கு மாறாக, லண்டன் விலங்கியல் கழகத்தின் பழைய ஏடுகளை வணிகப் பதிப்பகத்தின் வழியே தேடிப் போனால் சந்தா கேட்கும் பக்கம் வரும். ஆனால் 2006இல் தொடங்கிய பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்னும் இணைய நூலகத்தில் அதே காலத் தொகுதிகள் சும்மா கிடைக்கின்றன. விலைச் சீட்டைக் கண்டவுடன் உரிமை இன்னும் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

2011ஆம் ஆண்டு ஒரு திருப்பம். ராயல் சொசைட்டி 70 ஆண்டு கடந்த கட்டுரைகளை நிரந்தரமாகத் திறந்தது. ஆய்விதழ்களைத் தொகுத்துத் தரும் ஜேஸ்டோர் தளம் அமெரிக்காவில் 1923க்கு முன்னும் பிற நாடுகளில் 1870க்கு முன்னும் வந்த ஏறத்தாழ 5 லட்சம் கட்டுரைகளைத் திறந்தது. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இல் திறந்த வாசிப்புக் கொள்கையை ஏற்றது. அதன் கீழ் இயங்கும் கடல் மீன்வள நிலையத்தின் மின் களஞ்சியத்தில், அழகர்சாமி தொகுத்த 1987ஆம் ஆண்டு ‘முத்து வளர்ப்பு’ வெளியீடு உட்பட, பழையவை வரிசையாக இருக்கின்றன. இருப்பது வேறு, அகப்படுவது வேறு. இன்று பிங்க்டாடா ஃபியூகேட்டா எனப்படும் சிப்பியை ஹெர்ட்மேன் மார்கரிட்டிஃபெரா வல்காரிஸ் என்றார். அவருக்கு முந்தியவர்கள் மெலியக்ரினா என்றார்கள். இன்றைய பெயரை மட்டும் தட்டித் தேடுகிறவருக்கு 1906க்கு முந்திய எதுவும் வராது. ஊர்ப் பெயரும் அப்படித்தான்: டூட்டிகோரின் என்று தேட வேண்டும், மன்னாரை ஆங்கிலத்தில் எழுதிய மூன்று எழுத்துக்கூட்டலையும் தேட வேண்டும். நல்ல பொருளடைவு போட்ட நூலகர் இந்தத் துறைக்குச் செய்த உதவி, வருடியில் பக்கம் பக்கமாகப் படமெடுத்தவரின் உதவிக்குக் குறைந்ததில்லை.

இவ்வளவு பழைய அறிவியல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. நாடாப்புழுக் கொள்கை போனதுபோல் பழைய முடிவுகள் பல போய்விட்டன, உண்மை. கொள்கைதான் போயிற்று, எந்தப் பாரில், எந்த மாதம், எவ்வளவு சிப்பி, என்ன வயது என்ற பதிவுகள் போகவில்லை. 1961க்குப் பின் சிப்பி குறைந்ததற்குத் துறைமுகம், பவளம் வெட்டியது, இழுவலை என்று பல காரணம் சொல்கிறார்கள். ஆனால் இவை வருவதற்கு முன்பும் பார்கள் 25 ஆண்டுக்கு மேல் வெறிச்சோடியது உண்டு. இயற்கையின் ஏற்றத்தாழ்வு எவ்வளவு, மனிதர் செய்த சேதம் எவ்வளவு என்று பிரிக்க, பழைய பதிவை விட்டால் வேறு அளவுகோல் இல்லை. தூத்துக்குடிக்கு அருகே விலங்குச்சல்லித் தீவு நீரில் மூழ்கிவிட்டது. அது எப்படி இருந்தது என்பதற்கும் ஏடுதான் சாட்சி. இன்னொரு தரப்பு, கள்ளத் தளங்களில் எல்லாமே ஒரு சொடுக்கில் கிடைக்கும்போது சட்ட வழி எதற்கு என்கிறது. அத்தகைய தளமான சை-ஹப் மீது 2020இல் டெல்லி உயர்நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்த பதிப்பகங்களின் விலைக்கொள்கையை ஆதரிக்க வேண்டியதில்லை. ஆனால் அத்தகைய தளம், கட்டுரைக்குக் கட்டுரை எண்குறியீடு (DOI) உள்ள வணிக இதழ்களையே அள்ளுகிறது. மீன்துறை வெளியீடும் அருங்காட்சியக ஏடும் அங்கே தேடும் பொருளல்ல. ஆய்விதழ்களுக்கான ‘ஒரே நாடு ஒரே சந்தா’ போதாதா என்றால், 2025இல் தொடங்கிய அத்திட்டம் அரசுக் கல்வி நிறுவனங்களுக்கும் ஆய்வுக்கூடங்களுக்கும் உரியது. சங்கு குளிக்கும் குடும்பத்துக்கும் உள்ளூர்ச் செய்தியாளருக்கும் அதில் நுழைவு இல்லை. இலவசமாகக் கொடுத்தால் இதழ் நொடித்துவிடும் என்ற அச்சத்துக்கு இந்திய அறிவியல் அகாதெமியே பதில்: ஸ்பிரிங்கர் பதிப்பகத்துடன் கூட்டு வெளியீடு செய்துகொண்டே தன் தளத்தில் எல்லாவற்றையும் திறந்து வைத்திருக்கிறது.

குறைகள் தீரவில்லை. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்னும் இணைய நூலகம் பல நாள் முடங்கியபோது, ஒரே களஞ்சியத்தை நம்புவதன் ஆபத்து தெரிந்தது. ஒரே ஏடு இரண்டு மூன்று இடங்களில் இருப்பது வீண்செலவல்ல. படமெடுக்கும் வேகத்தில் மடிப்பு வரைபடங்களை விரிக்காமலே விட்ட பிரதிகளும் உண்டு. முத்துப் பார்களின் அமைவைக் காட்டும் விளக்கப்படம் அப்படி மடிந்த நிலையிலேயே பதிவாகியிருந்தால், வேறொரு நூலகப் படியிலிருந்து எடுத்த பிரதியைத் தேட வேண்டும். அதுவும் வாய்க்காவிட்டால் கன்னிமாராவுக்கோ சென்னை அருங்காட்சியக நூலகத்துக்கோ நேரில் போய்க் கேட்பதுதான் வழி.