ஈழத்தின் ஆதிக் கதைநூல்களும் சிறுவர்தம் அற்புத நாவலும்

கல்முனையிலிருந்து மேற்கே கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து செல்வோர் நாவிதன்வெளியின் வயற்பரப்பை அடைவர். மாரிவெள்ளம் தாம்போதியை மூடும் காலத்திற் கரையோரப் பட்டினங்களுக்கும் வெளியிலுள்ள ஊர்களுக்குமிடையே போக்குவரத்துத் தடைப்படுவதுண்டு. இருபுறத்தும் வாழும் தமிழரும் முஸ்லிம்களும் சமயத்தால் வேறுபட்டோராயினும், அற்புதக் கதை கேட்கும் வழக்கத்தில் ஒத்தவர்களே. கரையோர முஸ்லிம் இல்லங்களில் மூத்தம்மாமார் சொன்னவை சைத்தூன் கிஸ்ஸாவும் நூறு மசலாவும் ஆகும். தமிழ் ஊர்களில் விக்கிரமாதித்தனும் வேதாளமும் திண்ணைக் கதைகளாயின. வைகாசிச் சடங்கின்போது கண்ணகியம்மன் கோயில்களிற் கண்ணகி வழக்குரை படிக்கப்பட்டது. இவற்றைக் கேட்டோருள் சிறுவரும் இருந்தனர், முதியோரும் இருந்தனர். இது சிறுவர்க்குரியது, இது வளர்ந்தோர்க்குரியது என்னும் பாகுபாடு அச்சபையில் எழவில்லை.

இவ்வுண்மையை மனத்திற்கொண்டே, பத்துப் பன்னிரண்டு வயதினர்க்கென இன்று தனித்தெழுதப்படும் அற்புத நாவலின் வரலாற்றை ஆராய்தல் வேண்டும். அவ்வகை நூல் வெறும் கற்பனை வளத்தால் மாத்திரம் தோன்றியதன்று. இத்தாலியில் ‘பினோக்கியோ’ 1881இல் ஒரு சிறுவர் பத்திரிகையிலே தொடராக வெளிவரத் தொடங்கி, 1883இல் நூலுருப் பெற்றது. கட்டாயக் கல்வி, மலிவான அச்சு, பிள்ளைக்கெனப் பணம் கொடுத்து நூல் வாங்கும் பெற்றோர், இவற்றிற்கிடையே நின்ற பத்திரிகை ஆகியவை கூடிய இடத்திலேதான் சிறுவர் ஒரு தனி வாசகர் கூட்டமாயினர். வாசகர் கூட்டம் முன்னே வந்தது. இலக்கிய வகை பின்னே வந்தது.

ஈழத்திலே நிலைமை வேறு. இங்கு நெடிய உரைநடைக் கதை தோன்றிய 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பாடசாலைகள் இருந்தன, அச்சுக்கூடங்களும் இருந்தன, பாடநூலுக்கு அப்பால் நூல் வாங்கும் சிறுவர் கூட்டம் இருக்கவில்லை. ஆயினும் அக்காலத்து நூல்களைப் புரட்டுவோர் ஒரு புதுமையைக் காண்பர். யாழ்ப்பாணத்தில் 1856இல் வெளிவந்த ‘காவலப்பன் கதை’ ஆங்கிலப் பெண்ணெழுத்தாளர் ஹன்னா மோர் எழுதிய உருவகக் கதையொன்றின் தமிழாக்கம். கோட்டை, அதனைச் சூழ்ந்த காடு, வாயிலிலே நயமொழியால் ஏய்க்கும் கள்வன் எனச் செல்லும் அதன் அமைப்பு ஒரு பாலர் கதைக்குரியதே. போதனை நோக்கம் மிக்கதாதலின் அதனை இவ்வளவிலே விடலாம்.

அடுத்துக் கருதற்பாலது 1885இல் வெளிவந்த ‘அசன்பேயுடைய கதை’. ஆசிரியர் கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்திலெவ்வை (1838–1898). 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடங்கி, முஸ்லிம்களிடையே நவீன கல்வியைப் பரப்ப உழைத்தவர் அவர். கெய்ரோ நகரத்துப் பிரபு ஒருவரின் மகவு களவாடப்பட்டுப் பம்பாய்க்குக் கொண்டுவரப்படுகின்றது. அங்கு வளர்ந்த சிறுவன் ஓடிச் சென்று கல்கத்தாவை அடைகின்றான். பல இடர்களைக் கடந்து எகிப்துக்கு மீண்டு பெற்றோரைக் காண்கின்றான். கதையில் மந்திரவாதியோ பூதமோ இன்றியமையாத இடம்பெறவில்லை. எனவே அதனை அற்புத நாவல் என்று துணிதல் பொருந்தாது. ஆனால் பிறப்பறியாப் பிள்ளை, தொலைதேசப் பயணம், இறுதியில் வெளிப்படும் குலமரபு என்னும் மூன்றும் உலகெங்கும் சிறுவர் விரும்பும் கதைகளின் உறுப்புகள் என்பது வெளிப்படை.

எகிப்தைக் களமாகக் கொண்டதற்கும் காரணம் உண்டு. 1882இல் ஆங்கிலேயரிடம் தோல்வியுற்ற எகிப்தியத் தலைவர் அறாபி பாஷா 1883இல் இலங்கைக்கு நாடுகடத்தப்பட்டார். அவருடைய வருகை இந்நாட்டு முஸ்லிம்களின் கல்வி முயற்சிகளுக்கு ஊக்கமளித்தது. சித்திலெவ்வையும் அவரும் அம்முயற்சியில் ஒன்றுபட்டு நின்றனர். ஆகவே அக்காலத்து வாசகனுக்குக் கெய்ரோ வெறும் மாயநகரன்று. தன்னிடையே வந்து வாழும் பெருமகன் ஒருவரின் ஊர். தொலைவும் அண்மையும் இவ்வாறு ஒன்றுசேர்ந்தமை அந்நூலின் தனிச்சிறப்பு எனலாம்.

உண்மையான அற்புதம் 1891இல் வெளிவந்த ‘ஊசோன் பாலந்தை கதை’யிலே காணப்படுகின்றது. இதனை எழுதியவர் திருகோணமலையைச் சேர்ந்த இன்னாசித்தம்பி. மூலம் ஐரோப்பாவில் நெடுங்காலம் வழங்கிய ஒரு வீரகாதை. 1489இல் பிரான்சின் லியோன் நகரிலே அச்சேறியது. கொன்ஸ்தாந்திநோப்பிளின் சக்கரவர்த்தி பொய்ப்பழியை நம்பித் தன் தேவியை நாடுகடத்துகின்றான். அவள் காட்டிலே இரட்டையரைப் பெறுகின்றாள். ஒரு பிள்ளையைப் பெண் கரடி தூக்கிச் சென்று தன் குட்டியோடு வளர்க்கின்றது. மற்றப் பிள்ளை அரசன் கையிற் கிடைத்து வீரனாகின்றான். உடன்பிறப்பென்று அறியாமலே வீரன் காட்டு மனிதனைப் பொருது அடக்குகின்றான். வானிற் பறக்கும் மரக்குதிரையும், பேசி உண்மையை உரைக்கும் வெண்கலத் தலையும் மூலக்கதையில் இடம்பெறுகின்றன. இங்கிலாந்திலே 16ஆம் நூற்றாண்டிற் பெருமக்கள் வாசித்த இந்நூல், 18ஆம், 19ஆம் நூற்றாண்டுகளிற் சிறுவர் வாங்கும் மலிவுப் பதிப்பாகச் சுருங்கிற்று. தமிழுக்கு வந்தபோதோ வளர்ந்தோர்க்குரிய நூலாகவே வந்தது. ஒரே கதை ஒரு நாட்டிற் பாலர் நூலாயிருக்க, மற்றொரு நாட்டில் ‘ஆதி நாவல்’ என்னும் வரிசையில் இடம்பெற்ற விந்தை இதுவாகும்.

இவ்வரிசையே பின்னர் இந்நூல்களுக்குப் பாதகமாயிற்று. ஈழத்து நாவல் வரலாற்றை எழுதியோர், சில்லையூர் செல்வராசன் 1967இலும் நா. சுப்பிரமணியன் 1978இலும் வெளியிட்ட நூல்கள் வாயிலாக, இவற்றை மறதியினின்றும் மீட்டனர், அப்பணி நன்றிக்குரியது. ஆனால் அத்தலைமுறைத் திறனாய்வின் பொதுவான அளவுகோல் யதார்த்தம். மண்ணையும் சமூகத்தையும் காட்டுவதே நாவல் என்று கொண்டால், மங்களநாயகம் தம்பையா 1914இல் வெளியிட்ட ‘நொறுங்குண்ட இருதயம்’ உயர்ந்து நிற்கும். கரடி வளர்த்த பிள்ளையின் கதை குறையுள்ள முன்முயற்சியாகவே தோன்றும். அளவுகோல் தவறன்று, அளக்கப்பட்ட பொருள்தான் வேறு. நெல்லை அளக்கும் மரைக்காலாற் பாலை அளந்து, குறைகின்றதென்று வருந்துவதை இது ஒக்கும்.

இதன் விளைவு சிறுவர் இலக்கிய வரலாற்றையும் தாக்கிற்று. சிறுவர் இலக்கியம் என்றால் நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) முதலானோரின் பாடல்களே ஈழத்தாரின் நினைவுக்கு வருவன. வகுப்பறைக்குச் சிறு பாட்டு ஏற்றது; நெடுங்கதைக்கு வகுப்பறையில் இடமில்லை. கதைப்பசியைத் தணிக்கத் தமிழகத்துச் சஞ்சிகைகள் கப்பலேறி வந்தன. 1947இற் தொடங்கிய ‘அம்புலிமாமா’ வேதாளத்தை மீண்டும் வீட்டுக்கு அழைத்து வந்தது. வாண்டுமாமா (1925–2014) மந்திரமும் சாகசமும் கலந்த நெடுங்கதைகளைச் சிறுவர்க்கென்றே எழுதினார். 1970களின் முற்பாதியில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து நூல்வெளியீடு ஊக்கம் பெற்றது உண்மையே. அவ்வூக்கத்தின் பெரும்பகுதி வளர்ந்தோர் நாவலுக்கே சென்றது. சிறுவர்க்கு எழுத முற்பட்டோர் பாட்டுக்குச் சோமசுந்தரப் புலவரை முன்னோராகக் கொண்டனர். நெடுங்கதைக்கு இன்னாசித்தம்பியை அவ்வாறு கொள்ள எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

இன்னுமொன்று நோக்கத்தக்கது. சித்திலெவ்வை கெய்ரோவுக்குச் சென்றார். இன்னாசித்தம்பி கொன்ஸ்தாந்திநோப்பிளுக்குச் சென்றார். 1895இல் ‘மோகனாங்கி’யை வெளியிட்ட திருகோணமலைத் த. சரவணமுத்துப்பிள்ளை நாயக்கர் காலத் தமிழகத்துக்குச் சென்றார். மூவரும் தம் ஊரைக் களமாக்கவில்லை. கீழ்க்கரையிலே கதை இல்லாமலில்லை. கண்ணகி வழக்குரையின் கடலோட்டு காதையை எடுத்துக்கொள்க. கண்ணகியின் சிலம்புக்கு நாகமணி வேண்டும். அதனைக் கொணர மீகாமன் கப்பல் செலுத்துகின்றான்; வழிமறித்த வெடியரசனோடு கடலிலே பொருதுகின்றான்; நாகங்களின் நாட்டை அடைகின்றான். தேடற்பொருள், கடற்பயணம், எதிரி, மணிகாக்கும் நாகம் என அற்புத நாவலொன்றுக்கு வேண்டியன யாவும் இதில் அமைந்துள்ளன. ஆண்டுதோறும் கோயிலிலே படிக்கப்பட்டதாற்போலும், இதனை ஒரு கதைநூலாக்கலாம் என்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஊசோனை வளர்த்த கரடியின் நிலையும் இத்தகையதே. இலங்கையின் உலர்வலயக் காடுகளிற் கரடி உண்டு. கிழக்கின் காட்டோர ஊர்களிலே தேனெடுக்கச் செல்வோர் அதற்கு அஞ்சுவர். நாவிதன்வெளிச் சிறுவன் ஒருவன் அந்நூலை வாசித்திருப்பின், கரடியைத் தன் காட்டு விலங்காகவே அறிந்திருப்பான்; விளக்கம் வேண்டியிருந்தது சக்கரவர்த்தியின் நகரத்துக்கு மட்டுமே.