வெனிலாவும் 12 வயசுப் பையனும்

வெனிலா ஐஸ்க்ரீம் வாசனைக்குப் பின்னால ஒரு அடிமைச் சிறுவனோட கட்டைவிரல் இருக்குங்க.

மெக்சிகோ கொடியான வெனிலாவை 1820 வாக்கில் பிரெஞ்சுக்காரர்கள் ரீயூனியன் தீவுக்குக் கொண்டுபோனாங்க. பூத்தது, காய்க்கலை. பூவுக்குள்ள மகரந்தத்துக்கும் சூலகமுடிக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் தடுப்பு. அதைத் தாண்டி மகரந்தம் சேர்க்கிற பூச்சி அந்தத் தீவில் கிடையாது.

1841-ல் எட்மண்ட் என்ற 12 வயசுப் பையன், சின்னக் குச்சியால் அந்த மடலைத் தூக்கிவிட்டு, கட்டைவிரலால் மகரந்தத்தை அழுத்தினான். காய் பிடிச்சிருச்சு! பூ விரிஞ்சிருக்கிறதே ஒரு நாள்தான், விட்டா போச்சு. அதனால இன்னிக்கும் தோட்டங்களில் பூப்பூவா கையாலதான் செய்றாங்க.

தீவு வெனிலா ஏற்றுமதியில் கொழிச்சுது. 1848-ல் அடிமைமுறை ஒழிஞ்சப்ப எட்மண்டுக்கு 'அல்பியஸ்' என்ற குடும்பப் பெயர் கிடைச்சுது. பணம் கிடைக்கலை. 1880-ல் ஏழையாவே செத்துப்போனார்.