தோற்பவருக்குப் போட்ட ஓட்டு

தோற்பார் என்று தெரிந்தே ஒருவருக்கு ஓட்டுப் போடுவது வீண்தானே? 1965ல் நடந்த நியூயார்க் மேயர் தேர்தல் வேறு பதில் சொல்கிறது நண்பர்களே.

குடியரசுக் கட்சி நிறுத்திய ஜான் லிண்ட்சே ஒரு தாராளவாதி. ஜனநாயகக் கட்சிக்கு ஆபிரகாம் பீம். அப்படியானால் பழமைவாதிகள் யாரை ஆதரிப்பது? பத்திரிகையாசிரியர் வில்லியம் பக்லி கன்சர்வேடிவ் கட்சி சார்பில் களமிறங்கினார். ஜெயித்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டதற்கு, மறு எண்ணிக்கை கோருவேன் என்றார் மனிதர்!

அந்தச் சமயத்தில் செய்தித்தாள் வேலைநிறுத்தம் வேறு. அதனால் டிவி விவாதங்களுக்கு மவுசு கூடியது. பக்லியின் பேச்சு அங்கே நன்றாக எடுபட்டது. குற்றங்கள் பெருகுவதைக் கண்டு கவலைப்பட்ட, குயின்ஸ் போன்ற பகுதிகளின் ஐரிஷ், இத்தாலிய நடுத்தரக் குடும்பங்கள் பல அவர் பக்கம் சாய்ந்தன.

ஜெயித்தது லிண்ட்சேதான். பக்லிக்கு 13 சதவீத ஓட்டு, அதாவது சுமார் 3.4 லட்சம். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 1969ல் குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் பழமைவாதி ஜான் மார்ச்சியிடம் லிண்ட்சே தோற்றார். லிபரல் கட்சி சார்பில் நின்றுதான் மீண்டும் மேயரானார். 1970ல் பக்லியின் அண்ணன் ஜேம்ஸ், அதே கன்சர்வேடிவ் கட்சி சார்பில் நின்று செனட்டரானார்.

நாற்காலி கிடைக்காத ஓட்டும் கட்சிகளை யோசிக்க வைக்கும். வீண் என்று எப்படிச் சொல்வது?