ஜூலை 4 – அடுப்படிக்கு மட்டும் விடுமுறை இல்லை

அமெரிக்க சுதந்திர தினம் என்றால் சினிமாவில் பார்த்த காட்சிகள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். ராத்திரி வாணவேடிக்கை, தெருவெங்கும் கொடி, புல்வெளியில் விரித்த கட்டம் போட்ட துணி, அதன் மேல் விதவிதமான சாப்பாடு, சுற்றி ஓடும் பிள்ளைகள். அப்பா கையில் எலுமிச்சை சர்பத், தாத்தா மர நிழலில் குட்டித் தூக்கம்... அம்மா எங்கே? கூடையைத் திறந்து எல்லோருக்கும் பரிமாறிக் கொண்டிருப்பார்!

இது அந்தக் கூடையின் கதை.

கடிதம் எழுதியவரும் வாங்கியவரும்

1776 ஜூலை 2-ல் பிலடெல்பியாவில் கூடியிருந்த காங்கிரஸ், பிரிட்டனிடமிருந்து பிரிவதென்று வாக்களித்தது. பிரகடனத்தின் வாசகம் ஏற்கப்பட்டது ஜூலை 4-ல். இடையில் ஜூலை 3 அன்று ஜான் ஆடம்ஸ் தன் மனைவி அபிகெயிலுக்கு ஒரு கடிதம் எழுதினார். வருங்காலத் தலைமுறைகள் இந்த நாளைக் கடவுளுக்கு நன்றி சொல்லியும், ஊர்வலம், விளையாட்டு, பீரங்கி முழக்கம், விளக்கு அலங்காரம் என்று ஆரவாரமாகவும் கொண்டாடும் என்பது அவர் கணிப்பு. அவர் நினைத்தது ஜூலை 2-ஐ. தேதி மட்டும்தான் தவறியது, மற்றதெல்லாம் அப்படியே பலித்தது.

கணவர் பிலடெல்பியாவில் தேசத்தை உருவாக்கிக்கொண்டிருந்தபோது அபிகெயில் என்ன செய்துகொண்டிருந்தார்? மாசசூசெட்ஸின் பிரெய்ன்ட்ரீயில் பண்ணையையும் பிள்ளைகளையும் வரவு செலவையும் அவர் ஒருவரே கவனித்துக்கொண்டிருந்தார். அந்த ஜூலையில் பெரியம்மைத் தடுப்புக்காகப் பிள்ளைகளுடன் பாஸ்டன் போயிருந்தார். ஜூலை 18 அன்று அங்கே பிரகடனம் வாசிக்கப்பட்டதைக் கூட்டத்தில் நின்று கேட்டார்.

அதே ஆண்டு மார்ச்சிலேயே அவர் கணவரிடம் ஒரு கோரிக்கை வைத்திருந்தார். புதிய சட்டங்களை எழுதும்போது பெண்களையும் நினைவில் வையுங்கள், கணவர்கள் கையில் அளவில்லாத அதிகாரத்தைக் கொடுத்துவிடாதீர்கள் என்பதுதான் அது. சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் எழுதினார் ஜான் ஆடம்ஸ். இந்த இரண்டு கடிதங்களையும் சேர்த்துப் படித்தால், பின்னால் வந்த நூறாண்டுக் கதை பாதி புரிந்துவிடும்.

20 பவுண்டு மாவில் ஒரு கேக்

1796-ல் அமீலியா சிம்மன்ஸ் என்ற பெண்மணி 'அமெரிக்கன் குக்கரி' என்ற சமையல் புத்தகத்தை வெளியிட்டார். அமெரிக்கர் ஒருவர் எழுதி அமெரிக்காவிலேயே அச்சான முதல் சமையல் நூல் என்று இதைச் சொல்வார்கள். அதே ஆண்டில் ஆல்பனியில் வந்த பதிப்பில் 'சுதந்திர கேக்' என்று ஒரு குறிப்பு இருக்கிறது. அதற்கு வேண்டியவை: மாவு 20 பவுண்டு, சர்க்கரை 15 பவுண்டு, வெண்ணெய் 10 பவுண்டு, முட்டை 4 டஜன். நம் கணக்கில் மாவு மட்டும் 9 கிலோ! இது போக ஒயின், பிராந்தி, திராட்சை, ஜாதிக்காய், கிராம்பு, மேலே அலங்கரிக்கத் தங்க ரேக்கு.

மிக்சி கிடையாது, கேஸ் அடுப்பு கிடையாது. இத்தனையும் கையால் பிசைந்து விறகு அடுப்பில் சுடவேண்டும். சுதந்திரத்தின் பாரத்தை யார் சுமந்தார்கள் என்பதற்கு இந்த ஒரு கேக்கே சாட்சி!

ஆனாலும் அந்தக் காலத்தில் ஜூலை 4 குடும்பத் திருநாளாக இருக்கவில்லை. அது ஆண்களின் நாள். படை அணிவகுப்பு, அரசியல் சொற்பொழிவு, மதுக்கடையில் வரிசையாகக் கோப்பை உயர்த்தி வாழ்த்துச் சொல்வது, பிறகு ஆரவாரம், சில சமயம் அடிதடி. 1830 வாக்கில் வயது வந்த ஒரு அமெரிக்கர் சராசரியாக ஆண்டுக்கு சுமார் 7 கேலன் சுத்த ஆல்கஹால் குடித்தார் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். லிட்டரில் சொன்னால் 26-க்கும் மேல்!

ஞாயிறு பள்ளி நுழைந்தது

இதை மாற்றியதில் திருச்சபைகளுக்கும் தாய்மார்களுக்கும் பெரிய பங்கு உண்டு. 1824-ல் பிலடெல்பியாவில் அமெரிக்க ஞாயிறு பள்ளிச் சங்கம் உருவானது. 1826-ல் பாஸ்டனில் மதுவிலக்குச் சங்கம் தொடங்கியது. குடிக்கும் நாளாக இருந்த ஜூலை 4-ஐப் பிள்ளைகளின் நாளாக மாற்றினால் என்ன என்ற எண்ணம் பரவியது.

1831 ஜூலை 4 அன்று பாஸ்டனின் பார்க் தெரு தேவாலயத்தில் சிறுவர் சிறுமியர் ஒரு புதுப் பாடலைப் பாடினார்கள். 'அமெரிக்கா' என்ற அந்தப் பாடலை எழுதியவர் சாமுவேல் பிரான்சிஸ் ஸ்மித் என்ற இளம் இறையியல் மாணவர். மெட்டு என்னவோ இங்கிலாந்து மன்னரை வாழ்த்தும் பாடலின் மெட்டுத்தான்! நீண்ட காலம் அது தேசிய கீதம் போலவே பாடப்பட்டது. 1840-களில் 'குளிர்நீர்ப் படை' என்ற சிறுவர் மதுவிலக்குக் குழுக்கள் கொடி பிடித்து ஜூலை 4-ல் ஊர்வலம் போயின. ஊர்வலம் முடிந்தால் மரத்தடியில் விருந்து. ஒயின் இருந்த இடத்தில் தண்ணீரும் எலுமிச்சை சர்பத்தும் வந்தன.

இதைப் பக்தி என்று மட்டும் பார்த்தால் முழுதாகப் புரியாது. இதில் பொருளாதாரமும் இருக்கிறது. அன்றைய சட்டப்படி மணமான பெண் சம்பாதித்த கூலியும் கணவனுக்கே சொந்தம். அவன் ஒரே நாளில் மதுக்கடையில் வாரக் கூலியைத் தொலைத்துவிட்டு வந்தால் அவளால் எதுவும் செய்யமுடியாது. நீதிமன்றமும் இல்லை, வாக்கும் இல்லை. மிச்சமிருந்த ஒரே இடம் தேவாலயம். அங்கே போய் அந்த நாளையே மாற்றிவிட்டார்கள்!

ஒரு வாரக் கணக்கு

இல்லத்தரசியின் வாரம் அப்போது எப்படி இருந்தது? திங்கள் துணி துவைக்கும் நாள், செவ்வாய் இஸ்திரி, வார இறுதியில் ரொட்டியும் கேக்கும் சுடுவது. நியூ இங்கிலாந்தின் பழைய கிறிஸ்தவக் குடும்பங்களில் ஓய்வுநாள் சனிக்கிழமை சூரியன் மறைந்ததுமே தொடங்கிவிடும். ஞாயிறு சமையல் கூடாது என்பதால் சனிக்கிழமையே பானை நிறைய அவரை விதையை அடுப்பில் மெதுவாக வேகவைத்துவிடுவார்கள். பாஸ்டனின் புகழ்பெற்ற 'பேக்டு பீன்ஸ்' இப்படி வளர்ந்த உணவுதான்.

ஜூலை 4 ஞாயிற்றுக்கிழமை வந்தால்? ஆரவாரம் கூடாதென்று கொண்டாட்டத்தைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவிடுவார்கள். 1779-ல் முதன்முறையாக அப்படி நடந்தது. ஓய்வுநாளின் புனிதம் காப்பாற்றப்பட்டது, சரி. ஆனால் திங்கள் துணி துவைக்கும் நாளாயிற்றே! விருந்தும் அன்றுதான் என்றால் அந்த அழுக்குத்துணி மூட்டை செவ்வாய்க்குப் போகும், செவ்வாய் வேலை புதனுக்குப் போகும். வேலை தள்ளிப்போனதே தவிர குறையவில்லை.

இந்த உழைப்பை முறையாக எழுதி வைத்தவர்களும் பெண்களே. லிடியா மரியா சைல்டு 1829-ல் சிக்கனமான இல்லத்தரசிக்கென்று ஒரு கையேடு எழுதினார். நூல்துண்டிலிருந்து நேரம் வரை எதையும் வீணாக்காதே என்பதுதான் அதன் சாரம். கேதரின் பீச்சர் 1841-ல் இல்லப் பொருளாதாரம் பற்றிப் பாடப்புத்தகமே எழுதினார். காற்றோட்டம், உடல்நலம், செலவுக் கணக்கு, தர்மம் எல்லாம் அதில் உண்டு. வீட்டு வேலையும் வக்கீல், மருத்துவர் தொழில் போலப் படித்துச் செய்யவேண்டிய ஒன்று என்பது பாதிரியார் மகளான அவருடைய வாதம். ஒரு வேடிக்கை: பீச்சர் கடைசிவரை திருமணம் செய்துகொள்ளாதவர். இன்னொரு வேடிக்கை: பெண்களுக்கு வாக்குரிமை கேட்பதை எதிர்த்தவர். வீடே பெண்ணின் ராஜ்ஜியம், அங்கே அவள் மதிக்கப்பட்டால் போதும் என்று அவர் உண்மையாகவே நம்பினார்.

வேலையைக் குறைக்கக் கருவிகளும் வந்தன. மாசசூசெட்ஸ் குளங்களில் குளிர்காலத்தில் ஐஸ் வெட்டி விற்றவர் பிரெடரிக் டியூடர். (சென்னைக் கடற்கரையில் 'ஐஸ் ஹவுஸ்' என்று பெயர் வரக் காரணமும் இந்த மனிதரின் ஐஸ்தான்!) 1843-ல் நான்சி ஜான்சன் என்ற பெண் கையால் சுற்றும் ஐஸ்கிரீம் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். பணக்காரர் வீட்டுப் பண்டமாக இருந்த ஐஸ்கிரீம் மெல்ல மெல்ல ஜூலை 4 கூடைக்கும் வந்தது. பட்டியலில் ஒரு பண்டம் கூடியது என்றும் சொல்லலாம்!

இன்னொரு சமையலறை

இதுவரை பார்த்தது தனக்கென்று வீடு இருந்த பெண்ணின் கதை. தென் மாநிலத் தோட்டங்களில் எஜமானியம்மாள் வேதாகமம் வாசித்துக்கொண்டிருந்த அதே வீட்டில், ஜூலை 4 விருந்தைச் சமைத்தவள் அடிமைப் பெண். அவள் பிள்ளைகளே அவளுக்குச் சொந்தமில்லை.

நியூயார்க் மாநிலத்தில் அடிமைமுறை 1827 ஜூலை 4 அன்று முடிவுக்கு வந்தது. அங்கிருந்த கறுப்பின மக்கள் பலர் மறுநாள், ஜூலை 5-ல்தான் கொண்டாடினார்கள். 1852-ல் ராச்செஸ்டர் நகரப் பெண்கள் அடிமைமுறை எதிர்ப்புச் சங்கம் பிரெடரிக் டக்ளஸைப் பேச அழைத்தது. அவர் பேசியதும் ஜூலை 5-ல்தான். அடிமைக்கு உங்கள் ஜூலை 4 என்ன அர்த்தம் தரும் என்று அவர் கேட்ட கேள்வி இன்றும் அமெரிக்கப் பள்ளிகளில் படிக்கப்படுகிறது. அடிமைமுறைக்குத் துணைபோன திருச்சபைகளையும் அவர் விடவில்லை. கூட்டத்தைக் கூட்டியவர்கள் பெண்கள் என்பது குறிப்பிடத்தக்கது.

ஒரு தேநீர் மேசை

இதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1848-ல், ஜூலை 4 கழிந்து ஐந்தாம் நாள். நியூயார்க் மாநிலத்தின் வாட்டர்லூ என்ற சிற்றூரில் ஜேன் ஹன்ட் வீட்டில் ஐந்து பெண்கள் தேநீருக்குக் கூடினார்கள். நான்கு பேர் குவேக்கர் கிறிஸ்தவப் பின்னணி கொண்டவர்கள். ஐந்தாமவர் எலிசபெத் கேடி ஸ்டான்டன், அப்போது மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தாய். வீட்டு வேலையும் பிள்ளை வளர்ப்பும் தன்னை எப்படி அழுத்துகின்றன என்று அவர் மனம் திறந்து கொட்டினார். பேச்சு மாநாட்டில் போய் முடிந்தது.

ஜூலை 19, 20 தேதிகளில் செனிகா ஃபால்ஸ் ஊரின் வெஸ்லியன் தேவாலயத்தில் மாநாடு நடந்தது. அதில் வாசித்த அறிக்கை 1776 பிரகடனத்தை அப்படியே அச்சாக வைத்து எழுதப்பட்டது. மன்னர் மேல் குற்றச்சாட்டு இருந்த இடத்தில் ஆண்கள் மேல் குற்றச்சாட்டு வந்தது. கையெழுத்திட்டவர்கள் 68 பெண்கள், 32 ஆண்கள். அந்த 32 பேரில் டக்ளஸும் ஒருவர். அறிக்கையின் வரைவு எழுதப்பட்ட மேசை இன்று வாஷிங்டனின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். ஒரு வீட்டுக் கூடத்தில் கிடந்த சாதாரணத் தேநீர் மேசை அது.

1876 ஜூலை 4, நூற்றாண்டு விழா. பிலடெல்பியா மேடையில் பெண்களின் உரிமை அறிக்கையை வழங்க அனுமதி மறுக்கப்பட்டது. சூசன் பி. ஆன்டனி நேரே மேடைக்கு நடந்து போய் அதைக் கொடுத்துவிட்டு, வெளியே வந்து மக்கள் முன் உரக்க வாசித்தார். பிறகு பெண்கள் கூடிய இடம்? பக்கத்தில் இருந்த ஒரு தேவாலயம். வாக்குரிமை வர 1920 ஆனது. அபிகெயில் ஆடம்ஸின் கடிதத்திலிருந்து 144 ஆண்டுகள்!

கணக்கில் வராத நாள்

1870-ல் அமெரிக்க காங்கிரஸ் ஜூலை 4-ஐ வாஷிங்டனில் வேலை பார்த்த கூட்டரசு ஊழியர்களுக்கு விடுமுறை ஆக்கியது. ஆனால் சம்பளம் கிடையாது. 1938-ல் அது சம்பளத்தோடு கூடிய விடுமுறை ஆனது. வேலை செய்யாத நாளுக்கும் ஊதியம் உண்டு என்று அரசு ஒப்புக்கொண்டது.

அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1934-ல், சைமன் குஸ்நெட்ஸ் அமெரிக்காவின் தேசிய வருமானத்தைக் கணக்கிட்டு அறிக்கை தந்தார். இன்று வணிகவியல் மாணவர்கள் படிக்கும் ஜி.டி.பி. கணக்குக்கு அது ஒரு தொடக்கம். அதில் இல்லத்தரசிகளின் உழைப்பைச் சேர்க்கவில்லை. இதைச் சேர்க்கவில்லை என்று அவரே வெளிப்படையாகக் குறிப்பிட்டும் இருந்தார். கடையில் வாங்கிய கேக் தேசிய வருமானத்தில் சேரும். வீட்டில் சுட்ட கேக்குக்கு வாங்கிய மாவு சேரும், வெண்ணெய் சேரும், பிசைந்த கை சேராது. இன்றைய கணக்கு முறையிலும் அப்படித்தான்.

குடிவெறியில் கழிந்த ஒரு நாளைப் பிள்ளைகள் ஓடியாடும் குடும்பத் திருநாளாக மாற்றியதில் அந்தப் பெண்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அது சின்னச் சாதனை இல்லை. அந்த விருந்தை அவர்கள் விரும்பியே செய்தார்கள் என்பதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் விரும்பிச் செய்த வேலையும் வேலைதானே? விடுமுறை நாளில் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட ஒருவர் நின்றுகொண்டே இருந்தார். அவரையும் உட்கார வைத்த பிறகுதான் அது முழுமையான சுதந்திர தினம் ஆகும்.