மூக்குச் சீரமைப்பும் பெயரற்ற கைவினைஞரும்: ஒரு வரலாற்று நோக்கு

முகத்தில் ஏற்படும் குறைகளுள் மூக்கிழப்பே சமூக அவமானத்தோடு மிக நெருங்கிய தொடர்புடையது. மூக்கரிதல் ஒரு தண்டனையாகக் கைக்கொள்ளப்பட்டமைக்கும் இதுவே காரணம். வாளினால் அரியப்படினும், கைகலப்பில் மனிதப் பற்களாற் கடித்தெடுக்கப்படினும், இழந்தவன் அடையும் துன்பம் ஒன்றே. அவ்விழப்பை ஈடுசெய்த சத்திரசிகிச்சையின் வரலாற்றை நோக்குமிடத்து, உழைப்பாளரின் அறிவு ஏட்டறிவின் நிழலில் மறைக்கப்பட்ட விதத்தையும் நாம் காண்கிறோம்.

இத்துறையிற் பெரிதும் போற்றப்படுவது சுஸ்ருத சங்கிதையாகும். மூக்கின் அளவுக்கு இலையொன்றை நறுக்கி, அவ்வளவிற் கன்னத்துத் தோலை உரித்து, அடிப்பகுதி அறாதவாறு மூக்கிற் பொருத்தி, மூச்சுக்காக இரு குழாய்களைச் செருகும் முறையினை அது விவரிக்கின்றது.

இனி, 1794 ஒக்டோபரில் இலண்டனில் வெளிவந்த 'ஜென்ரில்மன்ஸ் மகசீன்' இதழின் கடிதமொன்றை நோக்குவோம். ஆங்கிலப் படையில் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்னும் மராட்டியர் 1792ஆம் ஆண்டுப் போரிலே திப்பு சுல்தானின் படையினரிடம் சிறைப்பட்டு, மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். ஏறத்தாழ ஓராண்டின் பின் பூனாவுக்கு அண்மையில் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர் அவருக்குப் புதிய மூக்கை அமைத்தார். மெல்லிய மெழுகுத் தகட்டினை மூக்கின் வடிவில் அமைத்து, அதனைத் தட்டையாக்கி நெற்றியில் வைத்துக் கோடிட்டு, அத்தோலை உரித்து, கண்களுக்கிடையே சிறு இணைப்பை விட்டுத் திருப்பிப் பொருத்தினார். காசுக்கட்டி பூசிய துணி மருந்தாயிற்று. இருபத்தைந்தாம் நாளளவில் இணைப்பு அறுக்கப்பட்டது. இரத்த ஓட்டம் தடைப்படாதிருக்கவே அவ்விணைப்பு விடப்பட்டதென்பதையும் கடிதம் குறிப்பிடுகின்றது.

இங்கு இரு விடயங்கள் அவதானிக்கத்தக்கவை. முதலாவது, ஏடு கூறுவது கன்னத்துத் தோலை. பூனாக் கைவினைஞர் எடுத்ததோ நெற்றித் தோலை. எனவே அவரது முறை ஏட்டின் வெறும் எச்சமன்று. தலைமுறை தலைமுறையாகச் செய்துபார்த்துத் திருத்தப்பட்ட தொழிலறிவு எனக் கொள்வதே பொருந்தும். இரண்டாவது, நோயாளியின் பெயரும், சிகிச்சையைக் கண்ட ஆங்கில வைத்தியர்களின் பெயர்களும் அக்கடிதத்தில் உள; செய்தவரின் பெயர் இல்லை. வைத்தியன் தரும் உணவை ஏற்கலாகாதென மனுநூல் விதித்த சமூகத்திலே, குருதியைத் தொடும் தொழில் மண்ணைத் தொட்ட கைகளிடம் எஞ்சியமை வியப்பன்று. சாதியமைப்பு அவரைத் தாழ்த்தியது. காலனித்துவப் பதிவு அவரைப் பெயரற்றவராக்கியது.

அம்முறையை ஆராய்ந்த ஜோசப் கார்ப்பியூ, பிணங்களிற் பயின்றபின், 1814 ஒக்டோபர் 23ஆம் நாள் இலண்டனில் அதனைச் செய்து, 1816இல் நூலாக வெளியிட்டார். அதன்பின் ஐரோப்பாவில் அது 'இந்திய முறை' எனப் பெயர்பெற்றது. ஒரு நாட்டின் பெயர் நிலைத்தது. அந்நாட்டின் உழைப்பாளி மறக்கப்பட்டார்.

மனிதக் கடியால் முகத்தில் உண்டாகும் காயத்தை நன்கு கழுவி, நுண்ணுயிர்க்கொல்லி அளித்து, இயன்றவரை விரைவில் தைத்து மூடுவதே இன்றைய வழக்கு. முகத்தின் செறிந்த இரத்த ஓட்டம் அதற்குத் துணைபுரிகின்றது. மூக்கின் பெரும்பகுதி இழக்கப்பட்டவிடத்து, நெற்றித் தோலே இன்றும் முதன்மையாகக் கைகொடுக்கின்றது. இதனைப் பண்டைப் பெருமையின் சான்றாக மட்டும் பாராட்டுவோர், அப்பெருமையைக் காத்தவர் யாரென வினவுவதில்லை. அவ்வினாவை எழுப்புவதே வரலாற்று மாணவராகிய நமது கடன்.