ஓணானா, பச்சோந்தியா? – ஒரு பெயர்க்குழப்பத்தின் வரலாறு

தோட்டத்து வேலியில ஏதோ ஒண்ணு உட்கார்ந்திருக்கு. கிட்டப் போனா நிறம் மாறுது. உடனே "பச்சோந்தி!"ன்னு முடிவு கட்டிடறோம். கொஞ்சம் பொறுங்க மக்களே. பத்துக்கு ஒன்பது தடவை அது ஓணானாத்தான் இருக்கும். இந்தக் குழப்பம் இன்னிக்கு நேத்து வந்ததில்லை. இதுக்குப் பின்னால ஒரு நீளமான கதை இருக்கு.

முதல்ல நம்ம பக்கத்துலேர்ந்து ஆரம்பிப்போம். பச்சோந்திங்கிற சொல்லைப் பிரிச்சா பச்சை + ஓந்தி. ஓந்தின்னா ஓணான். அதோட பழைய வடிவம் ஓதி. குறுந்தொகையின் 140-வது பாட்டில் அள்ளூர் நன்முல்லையார் இதைக் காட்டுகிறார். பாலை வழியில் போகிறவர்கள் கிழட்டு ஆண் ஓதி ஒன்றைப் பார்த்துச் சகுனம் கணிக்கிறார்கள். அதற்கு அவர் சொல்லும் அடையாளம் என்ன தெரியுமா? கருக்கரிவாள் மாதிரி பல் பல்லாக இருக்கும் முதுகு. நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை! ஓணானின் பிடரியிலிருந்து முதுகு வரைக்கும் வரிசையாக நிற்கும் முள்ளைப் பார்த்தவர்களுக்கு, அம்மையார் எவ்வளவு உன்னிப்பாகப் பார்த்திருக்கிறார் என்பது புரியும்.

அடுத்தது வெள்ளைக்காரர் கதை. பச்சோந்தி மேற்கே ரொம்பப் பழைய பிரபலம். அரிஸ்டாட்டிலே அதன் கண்ணையும் நிறமாற்றத்தையும் விவரித்து எழுதியிருக்கிறார். 1768-ல் வியன்னாக்காரரான லாரென்டி, நம்ம பக்கத்துப் பச்சோந்திக்கு 'கமேலியோ ஜெய்லானிகஸ்' என்று பெயர் வைத்தார். ஜெய்லானிகஸ் என்றால் இலங்கையைச் சேர்ந்தது. இலங்கையிலும் இந்தியாவிலும் இயற்கையாக இருப்பது இந்த ஒரே பச்சோந்தி இனம்தான். உலகத்தில் இருநூறுக்கு மேல் பச்சோந்தி இனங்கள் உண்டு. அதில் பெரும்பகுதி மடகாஸ்கரிலும் ஆப்பிரிக்காவிலும்.

34 வருஷம் கழித்து, 1802-ல், பிரெஞ்சுக்காரரான தோதென் ஓணானுக்குப் பெயர் வைத்தார்: 'வெர்சிகலர்'. அர்த்தம், நிறம் மாறுவது! ஆக, ஓணானின் அறிவியல் பெயரிலேயே பச்சோந்தியின் குணம் ஏறி உட்கார்ந்துகொண்டது. இனப்பெருக்க காலத்தில் ஆண் ஓணானின் தொண்டை ரத்தச் சிவப்பாகும். அதைப் பார்த்து இங்கே இருந்த ஆங்கிலேயர்கள் அதற்கு 'பிளட்சக்கர்', அதாவது ரத்தம் உறிஞ்சி, என்று பெயர் சூட்டினார்கள். 1886-ல் வந்த ஹாப்ஸன்-ஜாப்ஸன் அகராதி இந்தப் பெயரைப் பதிவு செய்துவிட்டு, பிராணி என்னவோ சாது, நிறம் மாறுவதால் வந்த பெயர்தான் என்று விளக்கமும் சொல்கிறது. விளக்கத்தை யார் படிச்சா? பெயர் மட்டும் நின்னுடுச்சு.

தோதென் பார்த்த அசல் மாதிரி பிற்பாடு தொலைந்துபோனது தனிக்கதை. அதற்குப் பதிலாக 2016-ல் ஆய்வாளர்கள் புதுச்சேரி ஓணான் ஒன்றையே புது மாதிரியாக அறிவித்தார்கள். உலகத்துக்கே 'வெர்சிகலர்' என்றால் எது என்று சொல்வது இப்போ நம்ம புதுச்சேரி ஆள்தான் :-)

சரி, தோட்டத்துல எப்படிக் கண்டுபிடிக்கறது? நிறத்தை மறந்துடுங்க. காலைப் பாருங்க. பச்சோந்திக்கு விரல்கள் இரண்டும் மூன்றுமாக ஒட்டி, இடுக்கி மாதிரி கிளையைப் பிடிக்கும். ஓணானுக்கு விரல்கள் தனித்தனி. பச்சோந்தியின் வால் சுருண்டு கிளையைச் சுற்றும். ஓணானின் வால் நீண்டு கிடக்கும், சுற்றாது. பச்சோந்தியின் இரண்டு கண்ணும் கூம்புக்குள் இருந்து ஆளுக்கொரு திசை பார்க்கும். அது நடப்பது காற்றில் ஆடும் இலை மாதிரி, முன்னே ஒரு ஆட்டம், பின்னே ஒரு ஆட்டம். ஓணானோ ஒரே ஓட்டம்தான்.

இன்னொரு சிக்கலும் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கமும் இலங்கையிலும் பச்சை ஓணான்னு ஒரு இனம் இருக்கு. உடம்பு பளிச்சுன்னு பச்சை. பச்சையா இருக்கே, பச்சோந்திதான்னு சத்தியம் பண்ணுவாங்க. அதுக்கும் விரலும் வாலும்தான் பதில்.

நிறமாற்றமும் நாம நினைக்கிற மாதிரி வெறும் ஒளிஞ்சு விளையாட்டு இல்லை. ஜெனீவா ஆய்வாளர்கள் 2015-ல் காட்டினது: பச்சோந்தித் தோலில் நுண்ணிய படிகங்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றின் இடைவெளி மாறும்போது ஒளி திரும்பும் விதம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது. எதிரியை மிரட்ட, துணையை அழைக்க, வெயில் காய என்று காரணங்கள் பல. கட்சி மாறுகிறவர்களைப் பச்சோந்தி என்று திட்டுகிறோமே, பச்சோந்தி தன் மனசில் இருப்பதை வெளியே காட்டத்தான் பாதி நேரம் நிறம் மாறுகிறது! அரசியல்வாதி அப்படியா?

இவ்வளவு தூரம் ஏன் இழுக்கிறேன் என்றால், பெயர்க்குழப்பத்துக்கு விலை கொடுப்பது அந்தப் பிராணிகள். ராமர் தாகத்துக்குத் தண்ணீர் கேட்டபோது அணில் இளநீர் கொடுத்தது, ஓணான் மூத்திரத்தைக் கொடுத்தது என்று ஒரு கதை. எங்க ஊர்ப் பக்கம் அதைச் சொல்லிச் சொல்லியே, ஈர்க்குச்சியில் சுருக்குப் போட்டு, வாயில் மூக்குப்பொடி திணித்து, பிள்ளைகள் ஓணானைப் படுத்தின பாடு கொஞ்சமல்ல. தொண்டை சிவந்தால் நம்ம ரத்தத்தைத் தூரத்திலிருந்தே உறிஞ்சுதுன்னு இன்னொரு கதை. பச்சோந்தி வந்தாலோ, விஷம்னு தடியோட ஓடி வர்றாங்க. ரெண்டுக்குமே விஷம் கிடையாது. ரெண்டும் நம்ம தோட்டத்துப் பூச்சியைத் தின்னுட்டுப் போறதுங்க. பச்சோந்தியைப் பிடிப்பதும் வீட்டில் வளர்ப்பதும் 1972-ம் வருஷ வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்ங்கிறதையும் சொல்லி வைக்கிறேன்.

அடுத்த தடவை முருங்கை மரத்துல ஒண்ணு தலையாட்டினா, கல்லைத் தேடாம விரலையும் வாலையும் பாருங்க. முதுகையும் சேர்த்துப் பாருங்க, நன்முல்லையார் பார்த்த மாதிரி.